சொல்லி அடித்தால் லக் போய்விடுமா?

எங்கள் ஓரிக்கையில் பொங்கலுக்கு நடக்கும் தெருக் கேரம் போட்டிக்கு இந்த ஆண்டு புது விதிகள் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்கடை ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. விதி ஒன்று: ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எந்தக் காய், எந்தப் பாக்கெட் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத காய் விழுந்தாலும், சொன்ன காய் வேறு பாக்கெட்டில் விழுந்தாலும் அது நடுவட்டத்துக்குத் திரும்பும். ஆட்டம் அடுத்தவருக்குப் போகும். விதி இரண்டு: காய் போடும் எண்ணமில்லாமல், எதிராளியின் வழியை அடைப்பதற்காகவே அடிக்கும் ‘சேஃப்டி’ கூடாது. மீறினால் ஒரு காய் டியூ. கடைசியில் கொட்டை எழுத்தில்: ‘திறமைக்கே பரிசு. லக்குக்கு இடமில்லை.’

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை படித்தே தேய்ந்த கண் என்னுடையது. ஒரு விதியைப் படித்தால் அது யாரைப் பிடிக்கும், யாரைத் தப்பவிடும் என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த இரண்டு விதிகளும் லக்கை ஒழிக்காது. முதல் விதி லக்கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும். இரண்டாவது விதி லக்கை அதிகமாக்கும். உண்மையான லக் இருக்கும் இடத்தை நோட்டீஸ் தொடவே இல்லை.

நேரில் சொல்லிப் பார்த்தேன். “சார், இது இன்டர்நேஷனல் ரூல். உங்க காலத்துல இல்ல” என்று மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிமார்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. போன பொங்கல் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் தெரு நெசவாளி ஒருவரின் மகன், சாயப் பட்டறையில் வேலை பார்ப்பவன். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பழகியவன். மறுபக்கம் அடுத்த தெரு ஆள். இருவருக்கும் ஒவ்வொரு காய்தான் பாக்கி. ரெட் ஏற்கெனவே போயாயிற்று. அடுத்த தெருக்காரர் வலது மூலைக்குக் குறிவைத்தார். காய் பாக்கெட் வாயில் இடித்து, கட்டையில் பட்டு, பலகையின் குறுக்கே ஓடிவந்து இடது மூலையில் விழுந்தது. அடித்தவரே திகைத்துப்போனார். கோப்பையும் 5000 ரூபாயும் அவருக்கு. எங்கள் பையன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான். பல மாதங்கள் போர்டு பக்கமே வரவில்லை. இரண்டு தெருப் பையன்களும் இன்றுவரை சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கோபத்தில் பிறந்த விதி இது. இவர்களில் சிலர் ஒரகடத்திலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள். வார விடுமுறையில் நண்பர்களோடு பூல் மேஜையில் ஆடுகிறார்கள். அங்கே பார்த்ததைக் கொண்டுவந்து கேரம் பலகையில் வைத்துவிட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் வந்த இடத்தில் அந்த விதி என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்த்தார்களா என்றால், இல்லை.

அதைப் பார்ப்பதற்கு முன்னால் லக் என்பது ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டும். பந்து, காய் ஆட்டங்களில் லக் மூன்று வகை. ஒன்று, விழுகிற லக்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. குறி ஒன்று, விழுந்தது வேறு. இரண்டு, நிற்கிற லக்: ஒன்றும் விழவில்லை, ஆனால் அடித்து முடித்தபின் எல்லாம் போய் நின்ற இடம் எனக்குச் சாதகம், உனக்குப் பாதகம். மூன்று, கிடைக்கிற லக்: டாஸ் யாருக்கு விழுந்தது, யார் முதலில் அடித்தார், குலுக்கலில் யாருக்கு யார் எதிரி. இதில் முதல் வகை எல்லோர் கண்ணிலும் படும். கூட்டம் ‘ஓ’ என்று கத்தும். மற்ற இரண்டும் சத்தம் போடாமல் வேலையை முடித்துவிடும். விதி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடுவதைத்தான் பிடிக்கப் போகிறார்கள்.

என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் விழுகிற லக்குக்கென்றே ஒரு சொல் உண்டு: ‘ரக்ரோ’. பில்லியர்ட்ஸ் மேஜையில் நினைக்காமல் கிடைத்த புள்ளிக்குச் சொல்வார்கள். கொக்கியில் மாட்டுவது என்ற பொருளுள்ள வினைச்சொல்லின் உறவு. ஒருவனுக்குத் தற்செயலாக வேலை கிடைத்தாலும் ‘ரக்ரோ’வில் கிடைத்தது என்பார்கள். நிற்கிற லக்குக்கும் கிடைக்கிற லக்குக்கும் இவ்வளவு சுருக்கான சொல் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் இல்லை. பெயர் இருப்பதன் மேல்தான் கோபம் வரும் போலிருக்கிறது.

இனி பூல் விதிகளுக்கு வருகிறேன். பூல் என்பது ஒரே ஆட்டம் அல்ல. 8 பால், 9 பால், 10 பால் என்று பல உண்டு; ஒவ்வொன்றும் லக்கை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. உலக விதிப்படி ஆடும் 8 பாலில், முதல் உடைப்பு அடி தவிர, பந்தையும் பாக்கெட்டையும் சொல்லித்தான் அடிக்க வேண்டும். பார்த்தாலே தெரிகிற அடியென்றால் சொல்லவும் வேண்டாம். 9 பாலில் சொல்லவே வேண்டாம். மிகச் சிறிய எண்ணுள்ள பந்தை முதலில் தொட்டுவிட்டால் போதும். அதன்பின் எது எங்கே விழுந்தாலும் கணக்கு. ஆட்டத்தை முடிக்கும் 9ஆம் எண் பந்தே தப்பித் தவறி விழுந்தாலும் வெற்றிதான். அதுவும் உலகச் சாம்பியன் போட்டி நடக்கும் ஆட்டம். ஆகவே ‘இன்டர்நேஷனல் ரூல்’ என்று ஒற்றை விரலை நீட்டுவதற்கு இடமில்லை, தம்பி.

சொல்லி அடிக்கும் 8 பாலிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதல் ஓட்டை: சொல்ல வேண்டியது பந்தும் பாக்கெட்டும் மட்டும். போகிற வழியைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பந்தில் இடித்தது, எத்தனை முறை கட்டையில் பட்டது என்பதெல்லாம் கணக்கில் இல்லை என்று விதியே சொல்கிறது. வலது மூலை என்று சொல்லிவிட்டு அடிக்கிறேன். பந்து தடம் மாறி, இரண்டு பந்தில் முட்டி, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி அதே வலது மூலையில் விழுந்தால் அது என் பந்துதான். இதுவும் காக்கைதான், இதுவும் பனம்பழம்தான். மரத்தின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவே.

இரண்டாவது ஓட்டை பெரிது. சொன்ன பந்து விழவில்லை. ஆனால் வெள்ளைப் பந்து தானாக உருண்டு போய் இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றுவிட்டது. எதிராளிக்குத் தன் பந்து எதுவும் கண்ணில் தெரியவில்லை. நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனாலும் அவர்தான் அந்த இடத்திலிருந்து தடுமாற வேண்டும். தப்பினால் தண்டமும் அவருக்கே. விழுகிற லக்கைத் தடுத்த விதி, நிற்கிற லக்கை வாசல் திறந்து உள்ளே விட்டுவிட்டது. இரண்டுமே குறி தவறியதற்குக் கிடைத்த பரிசு. ஒன்றுக்குத் தண்டனை, மற்றதற்கு மாலை. இது என்ன நியாயம்?

பூல் ஆடுகிறவர்களும் இதை யோசிக்காமல் இல்லை. 10 பாலில் ஓர் அழகான வழி வைத்தார்கள். சொன்னது விழாமல் சொல்லாதது விழுந்தால், அடுத்தவருக்கு உரிமை: பிடித்தால் அந்த நிலையிலிருந்து ஆடலாம், பிடிக்காவிட்டால் ‘நீயே ஆடு’ என்று திருப்பிக் கொடுக்கலாம். 9 பாலிலும் உடைப்பு அடிக்குப் பிறகு ‘புஷ் அவுட்’ என்று ஒன்று உண்டு. உடைத்தபின் வெள்ளைப் பந்து மோசமான இடத்தில் நின்றால், ஒரு முறை அதை இஷ்டப்பட்ட இடத்துக்குத் தள்ளி வைக்கலாம். அங்கிருந்து ஆடுவதா, உன்னையே ஆடச் சொல்வதா என்பதை எதிராளி முடிவு செய்வார். பட்சணத்தை ஒருவன் பங்கு போட, மற்றவன் முதலில் எடுப்பது போன்ற ஏற்பாடு. அடித்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று விசாரிக்காமல், பலனை எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறது. விதி என்றால் இதுதான் விதி. ஆனால் நம் நோட்டீஸில் இது இல்லை. மருந்துச் சீட்டில் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போயிருக்கிறார்கள்.

சரி, முழு மருந்தையும் வாங்கிவிடலாமா? அதுவும் வேண்டாம். காரணம், கேரத்துக்கு இருக்கும் நோய் வேறு.

பூலில் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தேதான் அடுத்த அடி. ஆகவே ஒவ்வோர் அடியின் லக்கும் அடுத்த அடிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும். கேரத்தில் அப்படி இல்லை. ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் கையில் எடுத்து உங்கள் கோட்டில், உங்களுக்கு வேண்டிய இடத்தில் வைத்து அடிக்கிறீர்கள். கணக்கு ஒவ்வோர் அடிக்கும் புதிதாகத் தொடங்குகிறது. நிற்கிற லக்கில் பெரும்பகுதியைக் கேரம் தன் அமைப்பிலேயே ஒழித்துவிட்டது. காய்கள் கிடக்கும் நிலை மட்டும்தான் மிச்சம்.

விழுகிற லக்குக்கும் கேரம் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் ரெட்டும் ஃபாலோவும். ரெட்டை நீங்கள் குறிபார்த்துப் போட்டீர்களா, கண்ணை மூடிக்கொண்டு போட்டீர்களா என்று கேரம் கேட்பதில்லை. ‘போட்டாயா? சரி. உன் காய் ஒன்றைத் தொடர்ந்து போட்டுக் காட்டு’ என்கிறது. போட்டால் ரெட் உன்னுடையது. தவறினால் நடுவட்டத்துக்குத் திரும்பும். லக்கில் விழுந்த ரெட்டுக்கும் திறமை வந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லுபடி. எங்கள் அலுவலகப் பாஷையில் மேலொப்பம். வாயால் சொன்னதை நம்பாமல், கையால் செய்ததை மட்டும் பார்க்கும் விதி. இதற்கு நடுவர் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுப் பையனே தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988இல் நம் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அதன் விதிகளிலும் பாக்கெட்டைச் சொல்லி அடிக்க வேண்டும் என்று கிடையாது. எதிராளியின் காயைத் தவறிப் போட்டால்கூட அது உள்ளேயே இருக்கும். அந்த விதிகளில் ஆடித்தான் சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனார். 1996இல் அர்ஜுனா விருதும் வந்தது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். ‘வட சென்னை’ படம் பார்த்த பிறகுதான் கேரம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு வெகு காலம் முன்பே பெரிய விஷயம்தான். ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார் என்றால் அந்த ஆட்டத்தின் விதி திறமையை வெளியே கொண்டுவருகிறது என்று பொருள். லக் ஒருவரை ஒரு போர்டில் ஜெயிக்க வைக்கும். ஒரு நாள் முழுக்க ஜெயிக்க வைக்காது.

இன்னோர் உதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் முறையாக எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில், 1882இல். ஆட்டத்தை உண்டாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். 1875இல் ஜபல்பூரில் ஒரு மழைக்காலத்தில் பொழுதுபோக்காக ஆரம்பித்து, ஊட்டிக்கு வந்தபோது உருப்பெற்றது. இன்றுவரை ஸ்னூக்கரில் எந்த நிறப் பந்து என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்தப் பாக்கெட் என்று சொல்ல வேண்டாம். தவறி விழுந்த பந்துக்கும் புள்ளி உண்டு. அப்படி விழுந்தால் ஆடியவர் கையை லேசாக உயர்த்தி எதிராளியிடம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் ஒரு சைகை செய்வார். புள்ளியை வைத்துக்கொள்வார், பெருமையை வைத்துக்கொள்ள மாட்டார். விதியால் முடியாததை மரியாதையால் சரிசெய்துகொண்டார்கள்.

அதே ஸ்னூக்கரில் எண்ணத்தை விசாரிக்கும் விதி ஒன்றும் இருக்கிறது. தொட வேண்டிய பந்தைத் தொடாமல் விட்டால், ‘இவர் உண்மையிலேயே முயன்றாரா?’ என்று நடுவர் தீர்மானிக்கிறார். கவனியுங்கள், நடுவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பயிற்சி பெற்று, மேஜை பக்கத்தில் நிற்கும் ஒருவர். நம் தெருவில் யார்? யார் குரல் பெரிதோ அவர்.

இதுதான் சொல்லி அடிக்கும் விதியின் நடைமுறைத் தொல்லை. அலுவலகத்தில் வாய்மொழி உத்தரவு என்று ஒன்று உண்டு. மேலிடத்திலிருந்து போனில் வரும். காரியம் நல்லபடி முடிந்தால் ‘நான்தானே சொன்னேன்’. கெட்டுப்போனால் ‘நான் எப்போது அப்படிச் சொன்னேன்?’ அதனால்தான் கோப்பில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கமே வந்தது. இங்கே ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, நாலு போர்டைச் சுற்றி ஐம்பது பேர் கூச்சல். ஒருவன் ‘இந்த மூலை’ என்கிறான். எந்த மூலை? அவனுக்கு வலது, எதிரே உட்கார்ந்தவனுக்கு இடது. ‘கட் அடிச்சு ஒயிட்டு’ என்கிறான். ஒயிட் ஏழு கிடக்கிறது. போன ஆண்டு ஒரே ஓர் அடியால்தான் இரண்டு தெருவுக்கும் பேச்சு நின்றது. இந்த விதி வந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வழக்கு. தெருச் சண்டையைத் தீர்க்க வந்த விதி, சண்டைக்குச் சீட்டுப் போட்டுக் கொடுக்கும்.

இரண்டாவது விதி இதைவிட மோசம். சேஃப்டி என்றாலே கோழைத்தனம், ஏமாற்று என்று ஒரு நினைப்பு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். காய்கள் எனக்கு மோசமாகக் கிடக்கின்றன. அது என் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. எதிராளியின் லக்கில் அப்படிச் சிதறியிருக்கலாம். இப்போது என்னிடம் இரண்டு வழி. ஒன்று, நூற்றுக்குப் பத்துகூடத் தேறாத அடியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது. மற்றொன்று, அவருடைய காய் போகும் வழியில் என் காயை மெதுவாக நகர்த்தி வைத்து, அடுத்த முறைக்குக் காத்திருப்பது. முதல் வழி சூதாட்டம். இரண்டாவது வழிக்குக் கண் வேண்டும், கை வேண்டும், பொறுமை வேண்டும். சேஃப்டியைத் தடை செய்தால், கெட்ட நிலை வந்தவனுக்குச் சூதாட்டம் ஒன்றுதான் மிச்சம். லக்கை ஒழிக்க வந்தவர்கள், லக்குக்கு எதிராக ஓர் ஆட்டக்காரன் கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தைப் பிடுங்குகிறார்கள்.

பூலின் 8 பால் விதியோ, சேஃப்டி ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆடவே அனுமதிக்கிறது. சொல்லிவிட்டால், பந்து விழுந்தாலும் ஆட்டம் அடுத்தவருக்குப் போகும், அவ்வளவுதான். ஒளிக்க வேண்டியதில்லை, தண்டமும் இல்லை. ஸ்னூக்கரில் அந்தப் பெயரே எதிராளிக்கு வழி தெரியாமல் அடைத்து வைப்பதைத்தான் குறிக்கிறது. நம் தம்பிமார்கள் சொல்லி அடிக்கும் விதியை எடுத்துக்கொண்டு, அதன் கூடப் பிறந்த சேஃப்டி உரிமையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதோடு, ‘போடும் எண்ணமில்லாமல் அடித்தான்’ என்று எப்படி நிரூபிப்பது? ஓர் இம்மி தள்ளி அடித்துவிட்டு ‘மிஸ் ஆகிவிட்டது’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பொய் சொல்லத் தெரிந்தவன் தப்பிப்பான், உள்ளதைச் சொன்னவன் டியூ கட்டுவான். நேர்மையானவனை மட்டும் பிடிக்கும் விதியை நான் அலுவலகத்தில் நிறையப் பார்த்தாயிற்று. தெருவிலும் வேண்டாம்.

இப்போது நோட்டீஸ் தொடாத இடத்துக்கு வருகிறேன். போன ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் ஒரு போர்டுதான், தோற்றவர் வெளியே. டாஸ் போட்டு ஜெயித்தவர் உடைப்பார். மூன்றாவது வகை லக் முழுவதும் இங்கே உட்கார்ந்திருக்கிறது. கேரத்தில் முதலில் உடைப்பது எவ்வளவு பெரிய லாபம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். உடைத்த கையோடு ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் போட்டு முடிப்பதற்கு ‘ஒயிட் ஸ்லாம்’ என்று பெயரே இருக்கிறது. எதிரே இருப்பவருக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடும் வாய்ப்பே வராது. போன ஆண்டு இறுதியில் டாஸ் அடுத்த தெருவுக்கு விழுந்தது. ஒரே போர்டு என்பதால் நம் பையனுக்கு அந்த ஆட்டத்தில் உடைக்கும் வாய்ப்பு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. கடைசிக் காய் எப்படி விழுந்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். முதல் காசு எப்படி விழுந்தது என்று யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசந்தாலும். அதே நாள் காலை ஆட்டங்களில் நம் பையனுக்கும் இரண்டு காய் குறி தவறித்தான் விழுந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தெருவே விசில் அடித்தது. எனக்கு விழுந்தால் கணக்கு, உனக்கு விழுந்தால் லக். இந்த ஞாபக மறதி எல்லா ஊரிலும் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு நல்ல ஆட்டக்காரன், பத்து போர்டு ஆடினால் ஏழு ஜெயிப்பவன், என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் 32 பேர். கோப்பைக்கு ஐந்து சுற்று ஜெயிக்க வேண்டும். ஒரே போர்டு என்றால் ஐந்தும் ஜெயிக்க அவனுக்கு நூற்றுக்கு 17 வாய்ப்புதான். பத்துக்கு ஏழு ஜெயிப்பவனுக்கே இந்தக் கதி! மூன்று போர்டில் இரண்டு ஜெயித்தால் போதும் என்று மாற்றுங்கள். ஒரு சுற்றை ஜெயிக்கும் வாய்ப்பு 70இலிருந்து 78 ஆகிறது. ஐந்து சுற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 17 என்பது ஏறக்குறைய 30 ஆகிவிடுகிறது. ஒரு வார்த்தை சொல்லி அடிக்காமல், ஒரு சேஃப்டியைத் தடுக்காமல், திறமைக்குக் கிடைக்கும் பங்கு முக்கால் பங்குக்குமேல் ஏறுகிறது. பெரிய போட்டிகளில் ஏன் ஒரு கேமை 25 புள்ளி அல்லது 8 போர்டு வரை இழுக்கிறார்கள், ஏன் போர்டுக்கு போர்டு உடைப்பு கை மாறுகிறது, ஏன் மூன்று கேம் வைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் விடை. லக்குக்கு மருந்து ஆட்டத்தின் நீளம்.

நேரம் இல்லை என்பார்கள். அதையும் எழுதிப் பார்த்துவிட்டேன். 32 பேர், நாலு போர்டு. முதல் சுற்று 16 ஆட்டம், நாலு தவணை. அடுத்து 8 ஆட்டம், இரண்டு தவணை. பிறகு கால் இறுதியைத் தாண்டியும் ஒவ்வொரு தவணைதான்: நாலு ஆட்டம் ஒன்று, இரண்டு ஆட்டம் ஒன்று, இறுதி ஒன்று. மொத்தம் ஒன்பது தவணை. ஒரு போர்டுக்குக் கால் மணி நேரம் என்றால் இப்போது ஆவது இரண்டே கால் மணி நேரம். மூன்று போர்டும் ஆடினாலும் ஆறே முக்கால் மணி நேரம். மாட்டுப் பொங்கல் மதியம் பாதி, காணும் பொங்கல் மதியம் மீதி. அந்த இரண்டு நாளும் தறி ஓடப்போவதில்லை. யாருக்கு எங்கே அவசரம்?

இவ்வளவு செய்தாலும் லக் கொஞ்சம் மிச்சமிருக்கும். இருக்கட்டும் என்கிறேன். எங்கள் தெருவில் அறுபது வயது தாண்டிய நெசவாளிகள் நாலைந்து பேர் ஆண்டு தவறாமல் பெயர் கொடுக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சன்னப் பட்டு இழையைப் பார்த்துப் பார்த்துப் பார்வை மங்கியவர்கள். இளைஞர்களோடு ஆடினால் தோற்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். என்றாவது ஒரு காய் எங்கோ பட்டு எங்கோ விழுந்து ஒரு சுற்றைத் தாண்டினால், அந்தப் பொங்கல் முழுக்க அதே பேச்சு. அந்த ஒரு காயை எடுத்து நடுவட்டத்தில் திருப்பி வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர்கள் பெயர் கொடுக்க மாட்டார்கள். எட்டுப் பேர் ஆடி, எட்டுப் பேர் பார்க்கும் போட்டியாகிவிடும். லக் மட்டுமே இருந்தால் தாயக்கட்டை உருட்டலாம். லக்கே இல்லாவிட்டால் ஜெயிக்கப்போகிறவன் பெயரை முதல் நாளே எழுதிக் கோப்பையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

சாயப் பட்டறைப் பையனுக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். அவனுக்கு நியாயம் வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. அவனுக்கு வேண்டியது உடைக்க ஒரு முறை, தோற்றால் எழுந்து நிற்க இன்னொரு போர்டு, கெட்ட நிலையில் தப்பிக்கச் சேஃப்டி. இந்த மூன்றில் ஒன்றைக்கூட நோட்டீஸ் அவனுக்குத் தரவில்லை, மூன்றாவதைப் பறித்தும்விட்டது.

ஆகவே என் கோரிக்கைகள், அலுவலக வழக்கப்படி வரிசையாக. ஒன்று, சொல்லி அடிக்கும் விதியை நீக்குங்கள். ரெட்டும் ஃபாலோவும் போதும். இரண்டு, சேஃப்டித் தடையை நீக்குங்கள். மூன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று போர்டு. நான்கு, முதல் போர்டுக்கு டாஸ், இரண்டாவதற்கு உடைப்பு கை மாற வேண்டும், மூன்றாவது வந்தால் புதிதாக ஒரு டாஸ். ஐந்து, குறி தவறிக் காய் விழுந்தால் அடித்தவர் கையை உயர்த்தட்டும். இதற்கு டியூவும் வேண்டாம், தண்டமும் வேண்டாம். நாலு பெரியவர்கள் செய்தால் பையன்கள் தாமாகச் செய்வார்கள்.

மூன்று போர்டுக்குப் புள்ளி எழுத ஆள் போதாது என்றால் இரண்டு மதியமும் நான் வருகிறேன். நோட்டும் பேனாவும் என்னுடையது.